ஒற்றைக் கரண்டி வாடகைக்குப் போன சீசன்

முத்து, மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. அப்பா அடித்தால் மட்டும் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுகிறாய். கோபம் யார் மேல் என்று கண்டுபிடிக்க எனக்குப் பொருளாதாரப் பட்டம் ஒன்றும் தேவையில்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்பலாம் என்று பார்த்தால், நான் அனுப்புவதை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாய் என்று உன் அப்பா போட்டுக்கொடுத்துவிட்டார். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. கை வலிக்கிறது. அந்த வலியையும் உனக்காகத்தான் பொறுத்துக்கொள்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்.

நீ அப்பாவிடம் சொன்னதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. அவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. ஒன்றே ஒன்றை மறைத்தார், அதைப் பிறகு சொல்கிறேன். "இனிமே கடைக்காரங்க முன்னால நின்னு பேசுத வேலையே வேண்டாம்பா. ஆபீசுக்குள்ள உக்காந்து ரிப்போர்ட் எழுதுத வேலைக்கு மாத்திக்கிடுதேன்" என்று சொன்னாயாம். மாற்றல் தாளில் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கியாம். அதே நாளில்தான், செவ்வாய்க்கிழமை காலை, வியாபாரிகள் சங்கத் தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி நம் கடைக்கு வந்தார். குற்றாலச் சீசனுக்கு முந்தைய கூட்டத்துக்கு இந்த வருஷமும் உன்னைக் கூப்பிட வேண்டும் என்றார். "வரமாட்டான் அண்ணாச்சி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரமாட்டாய் என்று அவர் கேட்டால், நான்தான் காரணம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன்.

உன் வேலை என்ன என்று ஊரில் யார் கேட்டாலும் நான் "பேங்க்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறென்ன சொல்ல? சென்னையில் ஒரு நிறுவனம், அதில் படித்தவர்கள் உட்கார்ந்து நாட்டில் வியாபாரம் ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே கணித்துப் பார்த்து, சின்னக் கடைக்காரர்களிடம் போய் "வருகிற மாதங்கள் மந்தமாக இருக்கும், இப்படி இப்படித் தயாராகிக்கொள்ளுங்கள்" என்று எடுத்துச் சொல்கிற வேலை என்று சொன்னால், எதிர்வீட்டு மாடத்தி, "ஓ, கடைக்கு ஜாதகம் பாக்கானா?" என்று கேட்டாள். அவள் கேட்டது கூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் தன் மருமகனின் மொபைல் கடைக்கு நல்ல நாள் குறித்துத் தரச் சொல்லி உன் நம்பரைக் கேட்டாள் பார், அப்போதுதான் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து பேங்க் என்பதிலேயே நின்றுவிட்டேன். என் மகன் வேலையை நாலு பேருக்குப் புரியும்படி சொல்லத் தெரியாத நான்தான், போன வைகாசியில் நூறு பேர் முன்னால் அதைப் பற்றிப் பேச எழுந்து நின்றேன்.

அந்தக் கூட்டத்தை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீ மேடையில் இருந்தாய், நான் கீழே இருந்தேன். கீழே இருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், கேள். மேலகரத்துக் கல்யாண மண்டபம். நாற்காலி, மேசை, தண்ணீர் டிரம் எல்லாம் நம் கடையிலிருந்து போனவை. நீ வெளிர்நீலச் சட்டை போட்டு, அந்த வெள்ளைத் திரையில் கோடு கோடாகப் படம் காட்டினாய். மில் ஊர்களில் ஆர்டர் குறைகிறது, வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் அனுப்புகிற பணம் மெதுவாகிறது, வீட்டுக்கு வீடு தவணை கட்டவே சம்பளம் சரியாகப்போகிறது, ஜனங்கள் முதலில் குறைப்பது வெளியூர்ப் பயணத்தைத்தான், அதனால் சரக்கைப் பார்த்து எடுங்கள் என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன சொல்கிறாய் என்று பாதிதான் புரிந்தது, அது வேறு விஷயம். முன்வரிசையில் துண்டு, லுங்கி மொத்த வியாபாரம் செய்கிற தென்காசி காதர் பாய் ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அண்ணாச்சி கையைத் தூக்கினார்.

"அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி. சாரல் என்னைக்கு விழும்? அதச் சொல்லு மொதல்ல."

மண்டபமே சிரித்தது. "அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி, நான் மழையைப் பத்திப் படிக்கல" என்று நீ சொன்னதும் இன்னும் பெரிய சிரிப்பு. குற்றாலத்தில் வந்து நின்றுகொண்டு மழை தெரியாது என்று சொன்ன முதல் நிபுணன் நீதான், முத்து! இங்கே லாட்ஜ் வைத்திருப்பவருக்கும், சிப்ஸ் கடைக்காரருக்கும், எண்ணெய் தேய்த்து விடுகிறவருக்கும், வாடகைப் பாத்திரக்கடை வைத்திருக்கிற எனக்கும் உலகப் பொருளாதாரம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: அருவியில் தண்ணீர் விழுகிறதா இல்லையா. விழுந்தால் நல்ல காலம், விழாவிட்டால் கெட்ட காலம். ஐம்பது வருஷமாக அப்படியே பிழைத்துவிட்டோம். அதனால் உன் கோடுகளை யாரும் சட்டை செய்யவில்லை. நீ மேடையில் தண்ணீர் குடித்தாய். திரும்பவும் அதே படத்தைப் போட்டாய்.

அந்த இடத்தில் நான் உனக்குக் கை கொடுத்திருக்க வேண்டும். அதற்குத்தான் எழுந்தேன், சத்தியமாக. "மைக்கை இங்கன தாங்க, ரெண்டு நிமிஷம்" என்று வாங்கினேன். வாங்கிய பிறகு நூறு முகமும் என் பக்கம் திரும்பியதும் என் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. "எம் மவன் பொஸ்தகத்தப் பாத்துச் சொல்லுதான். நான் புளியறையப் பாத்துச் சொல்லுதேன். கேரளாவுல இருந்து வார லாரி எல்லாம் தார்ப்பாய் நனைஞ்சுதான் செக்போஸ்ட்ட தாண்டுது, நேத்து என் கண்ணால பாத்தேன். சின்னப் புள்ள அவன், பயந்துக்கிட்டுச் சொல்லுதான். எல்லாரும் தைரியமாச் சரக்கு எடுங்க!" என்று சொன்னேன். அடேயப்பா, என்ன கைதட்டல்! கல்யாண நாளில் கூட எனக்கு அப்படி யாரும் தட்டியதில்லை. காதர் பாய் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவரும் தட்டினார். நீ லேப்டாப்பை மூடினாய். கூட்டம் முடிந்து இலை போட்டபோது உன் இலை முன்னால் யாரும் இல்லை. நீ மண்டபத்தின் பின்வாசல் வழியாக ஸ்டேஷனுக்குப் போய்விட்டதாக அப்பா வந்து சொன்னார். எனக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது, முத்து. அதுதான் உண்மை. பிடித்திருந்ததால் அன்று சாயங்காலம் வரைக்கும் உன்னைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை.

அதோடு விட்டேனா? ஆனி பிறந்ததும் அருவி கொட்டியது பார், அப்படி ஒரு கொட்டு. மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் பாய்ந்தது. கார், வேன், பஸ் என்று மேலகரம் வரைக்கும் வரிசை நின்றது. நான் தலைகால் புரியாமல் அருவிக்கரைக்கே போய் உனக்குப் போன் போட்டு, பேசாமல் போனை அருவிப் பக்கம் நீட்டினேன். "கேக்குதாலே?" என்று கேட்டேன். நீ "கேக்குது" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நேற்று ஒரு தடவை குட்டிக்கொண்டேன், அப்பா பார்த்துவிட்டார்.

ஒரு வாரம் போனது. ஊரெல்லாம் ஜனம், கடையில் ஈ. சீசன் வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் வந்தால்தானே நம்மிடம் மெத்தை, தலையணை, அடுப்பு, அண்டா என்று எடுப்பார்கள்? அவ்வளவு கூட்டமும் எங்கே போகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. வாசலில் உட்கார்ந்து போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா, முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்ற மனுஷன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏட்டி, பஸ்ல நிக்க எடம் இல்லாமக் கூட்டம் ஏறும். பையத் தூக்கிப் பாத்தா வசூல் இருக்காது. ஏன் தெரியுமா? ஏறுனவன் எல்லாம் அடுத்த ஸ்டாப்புல எறங்குதவன். இதுவும் அந்தக் கூட்டம்தான்" என்றார். நான் "நீங்க சும்மா இருங்க" என்றேன். வழக்கமாக நான் சொல்கிற பதில்தான்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு வேன் நின்றது. ஒரு பெண் இறங்கி வந்தாள், முப்பத்தைந்து வயது இருக்கும், ஈரத் தலையில் துண்டு. "அக்கா, ஒரே ஒரு கரண்டி மட்டும் வாடகைக்குக் கெடைக்குமா? எலுமிச்சம்பழச் சாதம், தட்டு, தண்ணி எல்லாம் கொண்டாந்துட்டோம். கரண்டிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றாள். இருபத்திரண்டு வருஷமாகக் கடை நடத்துகிறேன், ஆயிரம் பேர் சாப்பிடுகிற கல்யாணத்துக்குப் பாத்திரம் அனுப்பியிருக்கிறேன், ஒற்றைக் கரண்டியை வாடகைக்குக் கேட்டு யாரும் வந்ததில்லை. "வாடகையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கொண்டுபோ" என்றேன். நாலு மணிக்குக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். பாய், தலையணை, பெட்ஷீட், வீட்டுத் துண்டு, குக்கர் என்று ஒரு குடும்பமே உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"தங்கலையா தாயீ?" என்று கேட்டேன்.

"எல்லா வருசமும் ரெண்டு நாள் தங்குவோம்க்கா. இப்ப அவருக்கு மில்லுல வாரத்துல நாலு நாள்தான் வேலை குடுக்காங்க. பிள்ளைங்க அழுதுச்சு, சரி, குளிச்சிட்டாவது வருவோம்னு வந்தோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்தாள், முத்து, எனக்குத்தான் முகம் செத்துப்போனது. நீ அந்த வெள்ளைத் திரையில் கோடு போட்டுக் காட்டியது இந்தப் பெண்ணைத்தான் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. தண்ணீரும் விழும், ஜனமும் வரும், ஆனால் கையை இறுக்கி மூடிக்கொண்டு வரும். இதை நீ வைகாசியிலேயே சொன்னாய். நாங்கள் சாரல் எப்போது என்று கேட்டோம்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பாதிப் பொய்யாகிவிடும். நீ சொல்வதற்கு முன்னாலேயே எனக்கு அது தெரியும். நம் கிடங்கில் இருக்கிற, பாயசம் காய்ச்சுகிற மூன்று பெரிய உருளியும் போன வருஷம் தையிலிருந்தே கவிழ்த்தது கவிழ்த்தபடியே கிடந்தன. கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அச்சன்புதூரில் வயலும் தோப்புமாக இருக்கிற பெரிய வீட்டுக்காரர்கள்கூட நடுத்தரப் பாத்திரம் போதும் என்றார்கள். தென்காசியில் துபாய்க் குடும்பங்கள் நடத்தும் விருந்துக்கு, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டுகளை நூற்றுக்குக் குறைந்து எடுத்ததில்லை. அறுபது போதும் என்றார்கள். நான் பார்த்தேன். ஒரு உருளியைத் தூக்கினால் அடியில் பல்லி முட்டை இருந்தது. சரி, சீசன் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உருளியைத் திரும்பவும் கவிழ்த்து வைத்தேன். என் கண் பார்த்ததை மைக்கில் சொல்லியிருந்தாலே போதும், உன் பேச்சுக்கு அதைவிடச் சாட்சி வேறு வேண்டாம். ஆனால் நான் தார்ப்பாயைப் பற்றிச் சொன்னேன். கேட்கிறவர்களுக்கு எது பிடிக்குமோ அதைச் சொன்னேன்.

இனி உன் அப்பா மறைத்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் சிரி. கூட்டம் முடிந்த கையோடு நான் இருநூறு புது மெத்தைக்கு ஆர்டர் கொடுத்தேன் அல்லவா? வந்தது நூறுதான். மெத்தைக்காரருக்குப் போன் போட்டு, பாதிச் சரக்கை யார் வீட்டுக்கு அனுப்பினீர், இதுதான் நீர் தொழில் செய்கிற லட்சணமா என்று கால் மணி நேரம் பிடிபிடி என்று பிடித்தேன். அந்த மனுஷர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, அன்னைக்குச் சாயங்காலமே அண்ணன் போன் பண்ணி நூறு போதும்னாங்களே" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலைகீழாக இல்லை, நேராகத்தான், ஆனால் ரொம்ப நேரமாக ஒரே பக்கத்தை. "யாரக் கேட்டுப் பாதியாக்குனீங்க?" என்றேன். "முத்து சொன்னான்லா" என்றார், அவ்வளவுதான். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் என்னைக் கேட்காமல் அவர் செய்த ஒரே காரியம், அதுவும் சரியாகப் போய்விட்டது. இப்போது அதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு மாதிரி நடக்கிறார். வந்த நூறிலும் எண்பது மெத்தை இன்னும் பிளாஸ்டிக் உறையோடு நடுவீட்டில் அடுக்கிக் கிடக்கிறது. நானும் அவரும் அதன்மேல் ஏறித்தான் டிவி பார்க்கிறோம். இறங்குவதற்கு ஸ்டூல் வேண்டும்.

நமக்கு அப்பா இருந்தார், தப்பித்தோம். காதர் பாய்க்கு அப்படி யாரும் இல்லை. என் பேச்சைக் கேட்டுப் குளித்துத் துவட்டுகிற பெரிய பூத்துண்டாக இரண்டு வண்டி இறக்கினார். சீசனுக்கு வந்தவர்கள் எல்லாம் வீட்டுத் துண்டோடு வந்தார்கள். ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மனுஷர் துண்டைத்தான் பரிசாக நீட்டுகிறார், நம் வீட்டில் மட்டும் ஒன்பது இருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிக்கிறார். ஆனால் போன ஆடியோடு துபாயை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து கடையைப் பார்த்துக்கொள்வதாக இருந்த அவர் மகன், இன்னொரு வருஷம் அங்கேயே இருக்கட்டும் என்று ஆகிவிட்டது. அந்தப் பையனுக்குப் பிறந்த குழந்தையை அவன் இன்னும் போனில்தான் பார்க்கிறான். "என்ன பாய், என்னைத் திட்டுங்களேன்" என்று ஒரு நாள் கேட்டேன். "விடுங்கக்கா, தம்பி சொன்னதக் குறிச்சுத்தான் வச்சிருந்தேன். நீங்க மைக்கப் புடிச்சதும் தாள மடிச்சு உள்ள வச்சிட்டேன், எந் தப்புதான்" என்றார். அவர் திட்டியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இப்போது உன் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் நானே ஏற்றுக்கொள்ள நான் ஒன்றும் அவ்வளவு நல்லவள் இல்லை. கல்யாணங்கள் தள்ளிப்போகும் என்றும் அன்று மேடையில் சொன்னாய். ஒன்றுகூடத் தள்ளிப்போகவில்லை. முகூர்த்தம் குறித்துவிட்டால் நம் ஆட்கள் தேதியை மாற்ற மாட்டார்கள், அண்டாவைத்தான் சின்னதாக்குவார்கள். இது சென்னையில் இருந்து பார்த்தால் தெரியாது, நம் கிடங்கில் நின்று பார்த்தால் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நிபுணர்கள் இருந்து என்ன பிரயோசனம்? அடுத்தது, "தேவை குறையும்" என்றாய். சரி, குறையும். அதற்குக் காதர் பாய் திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்து என்ன செய்ய வேண்டும்? "பாய், பெரிய பூத்துண்டக் கொறைங்க, சின்னத் துண்டு போகும். பாதிய இப்ப எடுங்க, மீதிய ஆனி பாதியில பாத்துக்கிடலாம்" என்று அவர் சரக்கின் பெயரைச் சொல்லிச் சொல்லியிருந்தால், நான் மைக் பிடித்துக் கத்தினாலும் அவர் தாளை மடித்திருக்க மாட்டார். நீ எவ்வளவு உறுதியாக நம்புகிறாய், எது உனக்குச் சந்தேகம் என்பதையும் சேர்த்தே சொல். நாங்கள் ஒன்றும் நூற்றுக்கு நூறு கேட்கிறவர்கள் இல்லை. புளியறை லாரிக்காரர்கூட "மழ மாதிரிதான் தெரியுது" என்றுதான் சொல்வார், அதை வைத்தே பிழைக்கிறோம். அப்புறம், ஒரு தடவை சொல்லிவிட்டு ரயிலேறினால் போதாது. சொன்னது சரியாகப் போகிறதா என்று நடுவில் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். சொன்னது தப்பினால் தப்பியது என்று நீயே முதலில் சொல்லிவிடு. தாமதமாகச் சொன்னால் எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது, பத்துப் பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

நீ சொன்னதை வைத்து நான் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன், சிரிக்காதே. அந்தக் கரண்டிக்காரப் பெண்ணை நினைத்துத்தான். காலையில் வந்து சாயங்காலம் போகிறவர்களுக்கென்று ஒரு சின்னக் கட்டு: இரண்டு பாய், ஒரு வாளி, ஒரு ஒற்றை அடுப்பு, ஒரு சட்டி, ஒரு கரண்டி, கூடவே காதர் பாயின் பெரிய துண்டு நாலு. பகல் செட் என்று பெயர் வைத்திருக்கிறேன். கரண்டியை மறந்துவிட்டு வருகிறவர்களுக்குக் கரண்டி மட்டும் இலவசம். காதர் பாயிடம் சொன்னதும் அவர் துள்ளிக் குதித்து, துண்டை வாடகைக்கே விடலாம் என்கிறார். மெத்தைகளைக் கூட ஐந்தருவி போகிற பாதையில் ஒரு கூரை போட்டு, குளித்துவிட்டு வருகிற வயசாளிகள் ஒரு மணி நேரம் முதுகை நீட்ட விடலாம் என்று அப்பா ஒரு யோசனை சொன்னார். அவர் யோசனைக்கு இப்போது வீட்டில் மரியாதை கூடிவிட்டது. ஆனால் இருபது செட் போடுவதா, ஐம்பது போடுவதா? இந்தக் கையிறுக்கம் ஆடி வரைக்குமா, தீபாவளி தாண்டியுமா? எனக்குத் தெரியவில்லை. தார்ப்பாயைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. உன்னிடம்தான் கேட்க வேண்டும், அம்மாவாக இல்லை, வாடகைப் பாத்திரக்கடைக்காரியாகக் கேட்கிறேன். நேற்றும் இன்றும் கடை கடையாக ஏறி இறங்கி, முத்து வந்தால் என்ன கேட்பீர்கள் என்று விசாரித்தேன். சிப்ஸ் கடையில் பெரிய பாக்கெட்டா சின்ன பாக்கெட்டா என்று கேட்கிறார்கள். அண்ணாச்சி, தன் லாட்ஜில் பாதி அறையைப் பகல் வாடகைக்கு விடலாமா என்று கேட்கிறார். "சாரல் எப்போன்னு கேப்பீங்களா?" என்றேன். "கேக்க மாட்டேன் தங்கச்சி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடைசியா ஒரு தடவ கேட்டுக்கிடட்டுமா?" என்றார். அந்த ஒன்றை மட்டும் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஊரில் எத்தனை பேருக்கு முன்னால் நான் உன்னைச் சின்னப்பிள்ளை என்று சொன்னேனோ, அத்தனை பேருக்கு முன்னால்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். போனில் சொன்னால் நீயும் நானும் மட்டும் கேட்போம். அது கணக்கில் வராது. அதனால் அண்ணாச்சியிடம், முத்து பேசுவதற்கு முன்னால் எனக்கு ரெண்டு நிமிஷம் மைக் வேண்டும் என்றேன். அவர் அரண்டுபோய், "தங்கச்சி, போன வருஷமும் ரெண்டு நிமிஷம்னுதான் வாங்குன" என்றார். என்ன பேசப்போகிறேன் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார். நேரே பிரஸ்ஸுக்குப் போய் நோட்டீசில் சேர்க்கச் சொன்னேன். பிரஸ்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வரவேற்புரை உண்டு, தலைமையுரை உண்டு, சிறப்புரை, நன்றியுரை உண்டு. மன்னிப்புரைன்னு நான் இதுவர அச்சடிச்சதே இல்லையேக்கா" என்றார். "இந்த வருஷம் அடிங்க" என்றேன்.

அச்சுக்கு முந்தைய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், பார். வரவேற்புரைக்குக் கீழே, "மன்னிப்புரை: முத்துவின் அம்மா, வாடகைப் பாத்திரக்கடை, மேலகரம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. என் பெயரைப் போடச் சொல்லவில்லை, அன்றைக்கு எந்த உறவை வைத்துக்கொண்டு பேசினேனோ அதையே போடச் சொன்னேன். அதற்குக் கீழே "சிறப்புரை" என்று போட்டு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறார். நீ வந்தாலும் வராவிட்டாலும் என் வரி அப்படியே இருக்கும், நான் எழுந்து சொல்லத்தான் போகிறேன். ஆனால் நீ இல்லாவிட்டால், மேடையில் இருக்கிற காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் நம் கடை நாற்காலி. அதைப் பார்த்துப் பேச என்னால் முடியுமா என்று தெரியவில்லை, முத்து.

கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை நீ பேசி முடித்து, எல்லோரும் சாப்பிட உட்காரும்போது உன் இலைக்கு நானே பரிமாறுகிறேன், அந்த ஒற்றைக் கரண்டியால்தான், அதை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மாற்றல் தாளில் கையெழுத்துப் போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள். அப்போதும் போட வேண்டும் என்று தோன்றினால் போடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அந்தக் காலி வரியை அப்படியே வைத்திருப்பதாகப் பிரஸ்காரர் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு தடவை, அப்பாவுக்கு இல்லை, எனக்குப் போன் பண்ணு.